பழைய பதிப்பில் ஓடும் பாலாறு: ஞாயிற்றுக்கிழமை ஆட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வேலூரில் நம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நடத்தும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் நீங்கள், நாம் ஆடும் சத்துவாச்சாரி மாடியின் சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். சித்திரை பிறந்ததும் எல்லா மேஜைகளிலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2024 பதிப்பு விதிகள் மட்டும்தான். பழைய பதிப்பில், அதாவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், நடக்கும் கதைகளைப் பங்குனிக்குள் முடித்துவிட வேண்டும், முடியாதவர்கள் தங்கள் பாத்திரத்தின் விவரத்தாளை (கேரக்டர் ஷீட்) புதிய விதிப்படி எழுதிக்கொண்டு வர வேண்டும். நான்கு வரிதான். அன்று படியிறங்கி வரும்போது எங்கள் மேஜைக்காரர்கள் யாருமே பேசவில்லை. வழக்கமாகத் தெருமுனை டீக்கடை வரைக்கும் அன்றைய சண்டையைப் பேசிக்கொண்டே போகிறவர்கள், டீகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

உங்களிடம் தனியாகவே பேசியிருக்கலாம். ஆனால் இந்த முடிவு என் மேஜையை மட்டும் தொடவில்லை. போன வருஷம் வரை வந்துகொண்டிருந்து இப்போது வராமல் போன சிலரும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் திறந்த மடல். கோபத்தில் எழுதவில்லை. உங்களில் மூன்று பேருக்குப் பகடை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தாறு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர். கூத்தில் கட்டியங்காரன் மாதிரி கதையைத் திறந்து வைத்து, ஊராரையும் பகைவனையும் வாயிற்காவலனையும் அவரே பேசுவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "நான் மதில் ஏறுகிறேன்" என்று ஒருத்தி சொன்னால், ஏற முடிந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எந்த எண் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் விதிப்புத்தகம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக இதை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்தில் பலமுறை திருத்தி எழுதப்பட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் எங்கேயோ யாருடைய மேஜையோ கலைந்திருக்கிறது. என்னுடையதும் ஒருமுறை கலைந்தது. அதைச் சொல்லாமல் நான் கேட்க வந்ததைக் கேட்க முடியாது.

2004இல் கல்லூரி விடுதியில் இதைக் கற்றுக்கொண்டேன். அப்போது நடப்பில் இருந்தது 3.5 பதிப்பு. சீனியர் அக்கா ஒருவர் கொண்டுவந்த ஒரே ஒரு புத்தகம், நாங்கள் ஆறு பேர். இருபது முகப் பகடை எங்களிடம் கிடையாது. எவர்சில்வர் டப்பாவில் 1 முதல் 20 வரை எழுதிய துண்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுப்போம். 20 எழுதிய சீட்டு கை பட்டுப் பட்டு நைந்துபோய், தொட்டாலே தெரிந்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை எல்லாச் சீட்டையும் புதிதாக எழுதுவோம். விதிகளும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒருவனைக் கட்டிப்பிடித்து மடக்குவதற்கு மட்டுமே அத்தனை படிகள். எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து விலகினால் அவனுக்கு ஓசியில் ஓர் அடி. ஆனால் ஐந்தடி மட்டும் பதமாக நகர்ந்தால் அந்த அடி கிடையாது. இதையெல்லாம் ஒரு வருஷத்தில் புத்தகத்தைத் திறக்காமலே ஆடினோம். இரவு விளக்கணைத்த பிறகு இருட்டில் ஆடியிருக்கிறோம். சீட்டைப் படிக்க மட்டும் டார்ச்.

படிப்பு முடிந்து காட்பாடிக்குத் திரும்பி வேலையில் சேர்ந்த பிறகு, காந்தி நகரில் ஒரு தோழியின் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை அமைந்தது. 2008இல் நான்காம் பதிப்பு வந்தது. எங்களில் இருவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அதில் எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே அமைப்பு: எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடியது, ஒரு சண்டைக்கு ஒருமுறை செய்யக்கூடியது, ஒரு நாளைக்கு ஒருமுறை செய்யக்கூடியது. அதுவரை லெவல் ஏற ஏற வாள்வீரன் மந்திரவாதிக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. அந்தக் குறையை இந்தப் பதிப்பு தீர்த்தது. டிஎம்முக்கும் தயாரிப்பு வேலை குறைந்தது. மற்ற மூவரால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கட்டம் போட்ட தாளில் காய் நகர்த்துவதாகவே ஆகிவிட்டது, நம்ம மந்திரவாதி மந்திரவாதி மாதிரியே இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் சொன்னது சரி என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது நான் ஒரு பக்கத்தில் நின்றேன்.

நான்கு மாதம் வாதாடினோம். விதியில் ஆரம்பிக்கும் பேச்சு, "உனக்கு எப்பவுமே புதுசுதான் வேணும்", "நீ எதுலயும் மாறவே மாட்ட" என்று ஆளில் போய் முடியும். 2009 மார்கழியில் ஒரு ஞாயிறு மூன்று பேர் வரவில்லை. அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. அவர்களில் ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போனேன், பிள்ளைக்குக் காது குத்தியபோதும் போனேன். அந்த ஆட்டத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆட்டம் நின்ற அன்று எங்கள் பாத்திரங்கள் எல்லாம் ஒரு பாழுங்கிணற்றுக்குள் கயிறு கட்டி இறங்கிக்கொண்டிருந்தன. கிணற்றடியில் என்ன இருந்தது என்று டிஎம்மாக இருந்தவள் இன்றுவரை சொல்லவில்லை. கேட்க எனக்கும் மனம் வரவில்லை.

இதே பிளவு பெரிய அளவில் அமெரிக்காவிலும் நடந்தது. 3.5 விதிகளை விட மனமில்லாதவர்களுக்காக, அந்த விதிகளைத் தழுவியே பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டை 2009இல் பைசோ நிறுவனம் வெளியிட்டது. அந்த விதிகளை மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமம் ஒன்று இருந்ததால் அவர்களால் அப்படிச் செய்ய முடிந்தது. பழைய பதிப்பை விரும்பியவர்கள் வேறு வீடு கட்டிக்கொண்டு போனார்கள். நம் ஊரில் ஒரு மேஜை உடைந்தால் போய்ச் சேர இன்னொரு வீடு கிடையாது. இருப்பது இந்த ஒரு மாடிதான்.

புதிய பதிப்பு வரும்போது பழைய ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பதை, புதுமை பிடிக்காத புலம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மேஜையில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார், உங்களுக்கும் தெரியும். தொண்ணூறுகளில் மஸ்கட்டில் வேலை பார்த்தபோது, 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் கற்றுக்கொண்டவர். அந்தக் காலத்து விதியில் கவச எண் குறையக் குறையத்தான் பலம். வெறும் உடம்புக்கு 10, கவசம் ஏற ஏற எண் இறங்கும், பூஜ்யத்தைத் தாண்டி மைனஸ் 10 வரை போகும். அடி விழுமா என்று பார்க்க 'தாக்கோ' என்ற ஒரு எண்ணை வைத்துக் கழிக்க வேண்டும். புதிதாகக் கேட்பவர்களுக்குத் தலை சுற்றும். ஐயாவுக்கு அது வாய்ப்பாடு. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாகத் திருப்பியது. கவச எண் கூடக் கூடப் பலம், பகடையோடு கூட்டிப் பார்த்தால் போதும். கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், அது நல்ல மாற்றம், கற்பிக்கவும் எளிது. ஆனால் ஐயா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "இருவது வருஷமா கூட்டல்தாம்மா போடறேன். எண்ணம் மட்டும் இன்னும் கழித்தல்லதான் ஓடுது." அவருடைய கையில் இருந்த ஒரு தேர்ச்சி ஒரே நாளில் பயனில்லாமல் போனது. ஒரு தறிகாரரின் கையிலிருந்து தறியை வாங்கிக்கொண்டு மெஷினைக் கொடுத்த மாதிரி. மெஷின் நல்லதாகவே இருக்கலாம். அந்தக் கைக்கு ஒரு துக்கம் இருக்கத்தான் செய்யும்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். என் தாத்தாவின் கடிதங்களில் முகவரியின் கடைசி வரி 'வ.ஆ. மாவட்டம்' என்றிருக்கும். 1989இல் வடஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். நமக்கு வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வந்தது, பிறகு வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் மறுபடியும் மூன்றாகப் பிரித்தார்கள். ராணிப்பேட்டை தனி, திருப்பத்தூர் தனி. அதுவரை வேலூர் மாவட்டக்காரர்களாக இருந்த ஆம்பூர்க்காரர்கள் திருப்பத்தூர் மாவட்டக்காரர்கள் ஆனார்கள். நிர்வாகத்துக்கு அது வசதி, கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் தாத்தாவின் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. அதில் 'வடஆற்காடு ஜில்லா' என்றுதான் எழுதியிருக்கிறது. ஜில்லா பெயர் மாறிவிட்டது, பங்குனிக்குள் பத்திரத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு வா, இல்லாவிட்டால் நிலம் உன்னுடையது இல்லை என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. புதிய பத்திரம் புதிய பெயரில் வரும், பழையது பழைய பெயரிலேயே செல்லும். உங்களிடம் நான் கேட்பது அதுதான்.

2024 பதிப்பு மோசம் என்று நான் சொல்லவே இல்லை. அதன் ஆட்டக்காரர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன், 384 பக்கம். படித்துவிட்டு இரண்டு நாள் ஆட்டம் நடத்தியும் பார்த்தேன். வாள்வீரர்களுக்கு ஆயுதத்துக்கு ஆயுதம் ஒரு தனித் திறன் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று எதிரியைத் தள்ளும், ஒன்று கீழே சாய்க்கும், ஒன்று அவன் வேகத்தைக் குறைக்கும். அதனால் 'வெட்டினேன், வெட்டினேன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு யோசிக்க ஒரு வேலை கிடைத்தது. காயம் ஆற்றும் மந்திரத்துக்கு ஒரு பகடைக்குப் பதில் இரண்டு பகடை. மருந்துக் குப்பியைக் குடிப்பதற்காக அந்தச் சுற்றின் முக்கியச் செயலை இழக்க வேண்டியதில்லை. நாங்கள் பல வருஷமாக வீட்டு விதியாக வைத்திருந்ததை அவர்களே புத்தகத்தில் போட்டுவிட்டார்கள் என்று பார்த்தபோது சந்தோஷமாகவே இருந்தது. ஆங்கிலத்தில் 'ரேஸ்' என்றிருந்த சொல்லை 'ஸ்பீசீஸ்' என்று மாற்றியதும் நல்லதுதான். தமிழில் நாம் முதல் நாளிலிருந்தே இரண்டையும் 'இனம்' என்றுதான் சொல்லிவந்தோம், நமக்கு அதில் மாறுவதற்கு ஒன்றுமில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நானும் புதிய பதிப்பைத்தான் கற்றுக்கொடுப்பேன்.

ஆனால் நடுவழியில் இருக்கும் ஒரு கதைக்கு விதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் உட்கார்ந்து பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. எங்கள் கதையையே சொல்கிறேன்.

2018 ஆடியில் தொடங்கினோம். மலையில் பிறந்து ஊர் ஊராக ஓடிய ஒரு ஆறு ஒருநாள் காணாமல் போய்விடுகிறது. மணல் மட்டும் மிச்சம். ஆறு எங்கே போனது என்று தேடிக்கொண்டு ஐந்து பேர் புறப்படுகிறார்கள். இந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாக மணலைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது நினைவிருக்கிறதா? அந்த ஞாயிறு நாங்கள் ஆடவில்லை. ஐந்து பேரும் கரைக்குப் போய் வாயடைத்து நின்று பார்த்துவிட்டு வந்தோம். அடுத்த வாரம் ஆட்டத்தில் அவர்கள் தேடிய ஆறும் ஒரே ஒரு இரவு திரும்பி வந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. ஐயா அழுதுவிட்டார்.

ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வருவது எங்கள் வழக்கம். இதுவரை பதின்மூன்று முறை வாங்கியாகிவிட்டது. இப்போது பதினான்காம் லெவல். இன்னும் நான்கைந்து ஞாயிறு போதும் என்று நினைக்கிறேன், ஆனால் இது ஐந்து பேர் சேர்ந்து சொல்லும் கதை, பங்குனிக்குள் முடியும் என்று நான் ஒருத்தி வாக்குக் கொடுக்க முடியாது.

ஆற்றை மறைத்து வைத்திருப்பவன் ஒரு ராட்சசன். நம் கதைகளிலிருந்து அந்த விளையாட்டுக்குப் போனவன். 1977இல் வந்த அரக்கர் புத்தகத்திலேயே இருக்கிறான். புலித்தலை, உள்ளங்கை புறங்கையாகத் திரும்பிய கைகள். 2014 விதிப்படி ஆறாம் படி வரையிலான மந்திரம் எதுவும் அவனைத் தொடாது, சாதாரண ஆயுதமும் தொடாது. அவனுக்கு ஒரே பலவீனம்: மந்திரம் ஏற்றிய கூர்முனை ஆயுதம், அதுவும் நல்லவர் ஒருவர் கையில் இருந்தால் மட்டும். இந்த ஒரு வரியை வைத்துத்தான் நான் மூன்று வருஷக் கதையைக் கட்டினேன். என் ஆட்டக்காரர்கள் போன ஆடியிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால் இங்கே எழுதுவதில் ரகசியம் ஒன்றும் போகவில்லை. கண்டுபிடித்த நாளிலிருந்து மேஜையின் பேச்சே மாறிவிட்டது. நம்மில் யார் நல்லவர்? பொய் சொல்லி ஒரு ஊரைக் காப்பாற்றியவன் நல்லவனா? கைதியைக் கொல்லாமல் விட்டவள் நல்லவளா? இரண்டு ஞாயிறு பகடையே உருட்டாமல் இதை மட்டும் பேசினோம். புதிய அரக்கர் புத்தகத்திலும் அவன் இருக்கிறான். ஆனால் ஆயுதத்தைப் பிடித்தவரின் குணத்தைப் பற்றிய அந்த வரி மாறிவிட்டது. அவர்களுக்கு ஏதோ நல்ல காரணம் இருந்திருக்கும். எங்கள் கதைக்கோ அந்த வரிதான் உயிர்.

அந்த நல்லவராக மேஜை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது யாரை என்று கேளுங்கள். எங்கள் வில்லாளியை. அவள் ஆடுவது அரை எல்ஃப், அதாவது மனித வம்சமும், கதைகளில் வரும் எல்ஃப் என்ற தேவதை இனத்தின் வம்சமும் கலந்தவள். ஆடும் பெண்ணின் வீட்டில் பேசுவது தெலுங்கு, தெருவில் தமிழ், சித்தூர்ப் பக்கம் போனால் 'தமிழ்ப் பொண்ணு', இங்கே 'தெலுங்கு வீட்டுப் பொண்ணு'. முதல் நாள் 2014 புத்தகத்தில் அரை எல்ஃப் பக்கத்தைப் படித்துவிட்டு, "அக்கா, இது நான்தான்" என்றாள். இரண்டு உலகத்திலும் கால் வைத்து எதிலும் முழுதாகச் சேராதவள் என்று அந்தப் பக்கம் சொல்வதை அவள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் பாத்திரத்தைத் தூது போகிறவளாக, மொழிபெயர்க்கிறவளாக வளர்த்தாள். 2024 ஆட்டக்காரர் புத்தகத்தில் பத்து இனங்கள் இருக்கின்றன. அரை எல்ஃபும், அதே மாதிரி மனிதரும் ஆர்க் என்ற முரட்டு இனமும் கலந்த அரை ஆர்க்கும் அந்தப் பத்தில் இல்லை. அறிவிப்பைப் படித்துவிட்டு அவள் என்னைக் கேட்டாள்: "அப்ப நான் இன்னாவா ஆவுறதுக்கா? மனுஷியாவா, எல்ஃபாவா?" எனக்குப் பதில் வரவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பழைய புத்தகங்களில் இருக்கும் இனங்களைப் புதிய விதிகளோடு சேர்த்து ஆடலாம் என்று அந்த 2024 புத்தகமே சொல்கிறது. வெளியிட்டவர்களே திறந்து வைத்திருக்கும் கதவை நம் மாடியில் நாம் ஏன் சாத்த வேண்டும்?

பணத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். முக்கியப் புத்தகங்கள் மூன்று, ஒவ்வொன்றும் வெளிவந்தபோது அமெரிக்க விலையில் ஐம்பது டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. ரூபாயாக்கினாலே ஒன்று 4000 ரூபாயைத் தாண்டும். எங்கள் மேஜையில் பாலடினாக, அதாவது தெய்வ சக்தி பெற்ற வீரனாக, ஆடுகிறவன் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான். 2019 தீபாவளி போனஸில் பழைய ஆட்டக்காரர் புத்தகத்தை வாங்கினான். அட்டை போட்டு, ஓரம் மடங்காமல் இன்றுவரை வைத்திருக்கிறான். விதிகளில் ஒரு பகுதி இலவசமாகவே கிடைக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள், உண்மைதான். ஆனால் அவன் பாத்திரம் எதிரியை அடித்த பிறகு இறங்கும் தெய்வ அடி, பழைய விதியில் ஒரே சுற்றில் எத்தனை முறை வாள் பட்டாலும் அத்தனை முறையும் இறங்கலாம், சக்தி இருக்கும்வரை. புதியதில் அது ஒரு மந்திரமாக மாறி, சுற்றுக்கு ஒருமுறைதான். சமநிலைக்காகச் செய்தது, நியாயம் இருக்கிறது. ஆனால் இத்தனை வருஷமாக அவன் அந்த இரட்டை அடிக்காகவே ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறவன்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியும். இந்த வாரம் ஒரு மேஜையிலும் அடுத்த வாரம் இன்னொரு மேஜையிலும் உட்காரும் புதியவர்கள் குழம்புகிறார்கள். ஒரே மந்திரத்துக்கு அங்கே ஒரு பகடை, இங்கே இரண்டு பகடை. எது சரி என்று கேட்டால் யார் பதில் சொல்வது? ஒரே விதி இருந்தால் நிர்வகிப்பது எளிது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் எல்லோரும் சின்ன வயதில் தாயம் ஆடினவர்கள். கணியம்பாடியில் என் பாட்டி வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டதும் முதல் பேச்சே விதியைப் பற்றித்தான். ஒன்று விழுந்தால்தான் காய் இறங்குமா? ஒரு வெட்டாவது வெட்டினால்தான் உள் கட்டத்துக்குப் போகலாமா? குறுக்குக்கோடு போட்ட கட்டத்தில் வெட்டலாமா? குடியாத்தத்திலிருந்து வந்த அத்தை பிள்ளைகள் "எங்க ஊர்ல அப்படி இல்ல" என்பார்கள். ஐந்து நிமிஷம் பேசி, இன்றைக்கு எந்த ஊர் விதி என்று முடிவு செய்துவிட்டுப் பித்தளைக் கட்டையை உருட்டுவோம். பாட்டிக்கு நான்கு ஊர் விதி தெரியும். யாரும் குழம்பவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளால் முடிந்தது நம்மால் முடியாதா?

முடிவை மாற்றிக்கொண்டால் குழுவின் பேச்சுக்கு மதிப்புப் போய்விடும் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்படி இல்லை தம்பி. 2023 ஜனவரியில், இந்த விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் நான் முன்னே சொன்ன திறந்த உரிமத்தை மாற்றப் பார்த்தபோது உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் எதிர்த்தார்கள், பலர் அதன் இணையதளச் சந்தாவை ரத்து செய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கியது. அதோடு நிற்காமல் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை யாரும் திரும்பப் பெற முடியாதபடி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. 2024 ஆகஸ்டிலும் அப்படித்தான். பாத்திரங்களை இணையத்தில் எழுதி வைக்கும் அவர்களுடைய டிஎன்டி பியாண்ட் தளத்தில் எல்லோருடைய பாத்திரங்களிலும் பழைய மந்திரங்கள் போய்ப் புதிய மந்திரங்கள் வந்துவிடும் என்று அறிவித்தார்கள். பழையபடியே விடுங்கள் என்று ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். சில நாளிலேயே அந்த முடிவைக் கைவிட்டார்கள். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் கை வைக்காதீர்கள் என்றுதான் அன்றைக்கு உலகமெங்கும் கேட்டது. நானும் அதைத்தான் கேட்கிறேன். அவ்வளவு பெரிய நிறுவனமே கேட்டுக்கொண்டது. நாம் வாரம் ஒருமுறை முகம் பார்க்கிறவர்கள்.

ஆகவே இதைச் செய்யுங்கள். சித்திரையிலிருந்து தொடங்கும் எல்லாப் புதிய கதைகளும் புதிய பதிப்பில் இருக்கட்டும், எனக்கு முழுச் சம்மதம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கதைகள், எங்களுடையதும் ஜன்னலோர மேஜையினுடையதும், எந்த விதியில் தொடங்கினவோ அதே விதியில் தாமாக முடியட்டும். நடுவில் மாறலாம் என்று ஒரு மேஜையில் எல்லோருக்கும் தோன்றினால் அவர்களே மாறிக்கொள்வார்கள், அவர்கள் மீது யாரும் கெடு வைக்க வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் குழம்பாமல் இருக்க ஒவ்வொரு மேஜையிலும் எந்தப் பதிப்பு என்று ஒரு அட்டை வைத்தால் போதும், அட்டைகளை நான் எழுதித் தருகிறேன். அலமாரியிலிருந்து எடுத்துவிட்ட பழைய புத்தகத்தைத் திரும்ப வையுங்கள். அதன் உள்ளட்டையில் இதுவரை இந்த மாடியில் ஆடி முடித்த பாத்திரங்களின் பெயர்கள் இருக்கின்றன, உங்கள் மூவருடைய முதல் பாத்திரங்களும் அதில் உண்டு.

இன்னொன்று. ஐயாவிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அவர் போன இரண்டு ஞாயிறும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று போனில் சொன்னார். நான் நம்பவில்லை.

எங்கள் ஐவரும் இப்போது மலைக்குள், ஆறு பிறந்த சுனையின் வாசலில் நிற்கிறார்கள். ராட்சசன் விழித்துவிட்டான். மந்திரம் ஏற்றிய அம்பு ஒன்றுதான் மிச்சம், அது வில்லாளியின் கையில் இருக்கிறது. வரும் ஞாயிறு மூன்று மணிக்குத் தொடங்குவோம். முதலில் உருட்ட வேண்டியது அவள்தான். உங்களுக்காகச் சுவரோரம் மூன்று நாற்காலி போட்டு வைக்கிறேன், வந்து உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
பாலாற்று மேஜையின் டிஎம்,
காட்பாடி